சுகிர்தபாய் தொட்டால் கரண்ட் போகும்

அடுக்களைச் சுவரில் வயர் பதிக்க இரண்டாவது காடியை வெட்டி முடித்து லிஜா கட்டரை நிறுத்தினாள். இரைச்சல் அடங்கிய பிறகும் அது காதுக்குள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. செங்கல் தூசி மெல்ல இறங்கி, மேடையை மூடியிருந்த பழைய வேட்டியிலும் அவள் தலையில் கட்டியிருந்த துவர்த்துத் துண்டிலும் படிந்தது. கீழே சுகிர்தபாய் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தூசியை முறத்தில் வாரினாள். வாரிய இடத்தை உடனே ஈரத்துணியால் துடைத்தாள். இன்னும் மூன்று காடி வெட்ட வேண்டியிருக்கும்போது இப்போதே துடைப்பது வெட்டி வேலைதான். ஆனால் வீட்டுக்காரி சரோஜத்தின் உத்தரவு அது. தூசி விழ விழத் துடைக்க வேண்டுமாம்.

பொன்னப்பன் வீட்டில் மொத்தம் ஏழு பிளக் பாயின்ட் கூட்ட வேண்டும். மஸ்கட்டில் இருக்கும் மகன் ஷைஜு, மனைவியோடும் கைக்குழந்தையோடும் வியாழக்கிழமை வருகிறான். அவனுக்கு முன்னாலேயே மாடி அறைக்கு ஏ.சி.யும், அடுக்களைக்கு ஓவனும், பாத்திரம் கழுவும் மிஷினும் பெட்டி பிரிக்காமல் ஹாலில் வந்து உட்கார்ந்துவிட்டன. வீடு கட்டி இருபத்தைந்து வருடம். அன்றைக்கு ஒரு அறைக்கு ஒரு பிளக் என்பதே தாராளம். இன்றைக்கு வீட்டில் ஆளைவிட மிஷின் அதிகம்.

இந்த வேலையை லிஜாவுக்கு வாங்கிக் கொடுத்ததே சுகிர்தபாய்தான். இருவரும் ஒரே கிறிஸ்தவ சபை, ஒரே தெரு. ஐ.டி.ஐ. படித்து, வயர்மேன் பெர்மிட் எடுத்து, பத்து வருடமாகப் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் ஸ்கூட்டரில் ஓடிக்கொண்டிருந்தாலும், ஒரு பெண் ஏணியில் ஏறினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. “எங்க சபைல ஒரு பிள்ளை உண்டு சாரே, ஆம்பிளையளைக் காட்டிலும் வெடிப்பா செய்வா” என்று சுகிர்தபாய் அடித்துச் சொன்னதால்தான் பொன்னப்பன் சரி என்றார்.

துடைத்து முடித்ததும் சுகிர்தபாய் மாவு அரைக்கப் போனாள். மேடை ஓரத்தில் பழைய கிரைண்டர் இருந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டு, கிரைண்டரை நேராகப் பிடிக்காமல், விரல்களின் பின்பக்கத்தால் அதை ஒரு தட்டுத் தட்டி உடனே கையை இழுத்துக்கொண்டாள். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது போல இருந்தது.

“என்ன மாமி, சுடுமா அது?” என்று லிஜா கேட்டாள்.

“சுடாது. ஒரு பிடி பிடிக்கும். தோள் வரைக்கும் வரும். மழை பெய்தா கொஞ்சம் கூடுதல். அது அந்தக் கிரைண்டருக்க கொணமாக்கும்.”

முட்டுகிற மாட்டைப் பற்றிப் பேசுவது போல அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

“எவ்வளவு நாளா இப்பிடி?”

“எட்டு வருசம் இருக்கும். முந்தி எல்லாம் பிடிச்ச உடனே படக்குண்ணு விட்டுரும். கரண்டே போயிரும். இப்பம் மூணு வருசமா அது தானா விடாது. நானாத்தான் கையைப் பிடுங்கணும்.”

லிஜா டெஸ்டரை எடுத்துக் கிரைண்டரின் உடம்பில் வைத்தாள். உள்ளே சிவப்பாக எரிந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்தப் பாயின்ட்டின் மூன்றாவது துளையை, எர்த் கம்பிக்கான துளையை, டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தாள். பல்பு எரியவில்லை. பக்கத்து பாயின்ட்டிலும் எரியவில்லை. மிஷினில் கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்கிவிட வேண்டிய கம்பி இந்த வீட்டில் செத்துக் கிடந்தது.

“வீட்டுல வேற யாருக்கும் அடிக்காதா மாமி?”

“அவியளுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான்.”

அப்போது சரோஜம் மாவு ஆயிற்றா என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். காலில் தடித்த ரப்பர் செருப்பு. இந்த வீட்டில் எல்லாருக்கும் உள்ளே போட்டு நடக்க ஒரு ஜோடி செருப்பு உண்டு. மார்பிள் தரை குளிர்ந்து கால் கடுக்கும் என்று டாக்டர் சொன்னதாம். சுகிர்தபாயின் செருப்பு மட்டும் பின்பக்கப் படிக்கு வெளியே கிடந்தது. அவள் நின்றது வெறுங்காலோடு, அவளே துடைத்த ஈரத்தரையில். லிஜாவுக்கு இதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் நேரே ஹாலுக்குப் போய் மெயின் போர்டைத் திறந்தாள். கரண்ட் எங்காவது ஓர் ஆளின் உடம்பு வழியாகக் கசிந்தால், கண் இமைப்பதற்குள் வீட்டு இணைப்பையே வெட்டிவிடுகிற சுவிட்ச் அதற்குள் இருந்தது. ஈ.எல்.சி.பி. என்பார்கள். அது ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க அதிலேயே ஒரு சின்னப் பொத்தான் உண்டு. லிஜா அழுத்தினாள். சுவிட்ச் விழவில்லை. மூடியைக் கழற்றியதும் விஷயம் தெரிந்தது. உள்ளே வருகிற கம்பியையும் வெளியே போகிற கம்பியையும் நேராக முறுக்கிச் சேர்த்து, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. சுவிட்ச் நடுவில் சும்மா கொலுவிருந்தது.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த பொன்னப்பன் தலையைத் தூக்கினார். அரசாங்க ஆபீஸில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் அதட்டிப் பேசாதவர்.

“அதுவா? அது பெரிய சல்லியமாக்கும் லிஜா. ஒரு நாளைக்கு நாலு தடவை விழும். என்னண்ணு பாத்தா, சுகிர்தபாய் தொட்டாத்தான் கரண்ட் போவும். நாங்க தொட்டா போவாது. பாத்தியா வேடிக்கையை? மூணு வருசம் முந்தி ஷைஜுக்க கல்யாணத்துக்கு வீடு நிறைய ஆளு. அப்பம் வயரிங் வேலை செய்யுத ஜித்தினை விளிச்சு டைரக்ட் ஆக்கியாச்சு. அதுக்குப் பொறவு ஒரு சல்லியமும் இல்ல.”

“அவளுக்க கையில என்னமோ ஒரு தோஷம் உண்டு” என்று அடுக்களை வாசலில் நின்று சரோஜம் சொன்னாள். கேலியாகத்தான் சொன்னாள். சுகிர்தபாயும் உள்ளேயிருந்து சிரித்தாள்.

லிஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணம் வரைக்கும் அத்தனை வருடமும் அந்தச் சுவிட்ச் ஒரு நாளைக்கு நாலு முறை இந்த வீட்டாரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறது, இங்கே ஒருத்தி உடம்பில் கரண்ட் ஏறுகிறது என்று. இவர்கள் அதன் வாயைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். கல்யாண வீட்டு விளக்கும், பிறகு சீரியலும் பாதியில் நிற்கக் கூடாது என்பதற்காக.

“சாரே, அது விழுந்தது மாமியைக் காப்பாத்தவாக்கும். எர்த் எங்க இறக்கியிருக்கு?”

“கன்னிமூலையில குழாய் கெடந்து. தென்மேற்கு மூலையில குழி இருந்தா குடும்பத் தலைவனுக்கு ஆகாதுண்ணு வாஸ்து பாக்க வந்தவரு சொன்னாரு. எட்டு வருசம் முந்தி குழாயைப் பிடுங்கி, மண்ணு போட்டு மூடி, மேல இன்டர்லாக் கல்லு பாவியாச்சு.”

தலைவனுக்கு ஆபத்து வரக் கூடாது என்று மூடிய குழியின் ஆபத்து எட்டு வருடமாக யார் தலையில் விழுந்துகொண்டிருக்கிறது என்பதை லிஜா பொறுமையாக விளக்கினாள். பொன்னப்பனைக் கையோடு கூட்டிப் போய்க் கிரைண்டரில் டெஸ்டர் எரிவதைக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “உள்ளதுதான்” என்றார்.

“கன்னிமூலை வேண்டாம் சாரே. வடக்கே கிணத்துக்குப் பக்கத்துல ஒரு குழாய் இறக்குவோம். பின்சுவர் வழியா கம்பி கொண்டு வாறேன். அரை நாள் வேலை.”

“ஷைஜு வந்து போவட்டும். இப்பம் முற்றத்தைக் கெளறினா அவன் வரும்பம் சேறாக் கெடக்கும்.”

“அப்பம் கிரைண்டரை ரிப்பேருக்குக் கொடுங்க.”

“மாவு அரைக்காண்டாமா?” என்றாள் சரோஜம்.

“அது வரைக்கும் மாமி செருப்பு போட்டோண்டு நிக்கட்டும்.”

“அடுக்களையிலயா? விளக்கு வைக்குத எடமாக்கும் இது.”

“நீங்க போட்டிருக்கியளே அக்கா?”

“இது வீட்டுச் செருப்புல்லா.”

“மாமிக்கும் ஒரு வீட்டுச் செருப்பு நான் வாங்கித் தாறேன்.”

சரோஜம் நல்ல தமாஷைக் கேட்டது போலச் சிரித்தாள். சுகிர்தபாய் சிரிக்கவில்லை. லிஜாவைப் பார்த்து, பேச்சை விடு என்று கண்ணால் கெஞ்சினாள். கடைசியில் பொன்னப்பன்தான் நடுவில் புகுந்தார். “சரி, நீ இவ்வளவு சொல்லுததுனால அந்தச் சுவிட்சை மட்டும் பழையபடி கொடுத்திரு. மற்றது பொறவு பாப்போம்” என்றார். பெரிய மனது பண்ணிவிட்டதாக அவருக்கே ஒரு திருப்தி இருந்தது.

லிஜா டேப்பை அறுத்து, முறுக்கைப் பிரித்து, கம்பிகளை முறைப்படி பூட்டினாள். பொத்தானை அழுத்தினாள். ‘டப்’ என்று சுவிட்ச் விழுந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு அது மூச்சு விட்டது போல அவளுக்கு இருந்தது. சாயங்காலம் ஸ்கூட்டரில் சுகிர்தபாயைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, “இனி பிடிச்சாலும் உடனே விட்டுரும் மாமி. ஆனாலும் அந்தக் கிரைண்டரைத் தொடாதீங்க” என்றாள்.

“தொடாம எப்பிடி மக்கா மாவு அரைக்க?” என்று கேட்டாள் சுகிர்தபாய்.

வியாழக்கிழமை காலையில் ஷைஜுவும் குடும்பமும் வந்து சேர்ந்தார்கள். மாடியில் ஏ.சி.க்கு இணைப்பு கொடுத்து, குழந்தையை அங்கே தூங்க வைத்திருந்தார்கள். லிஜா பக்கத்து அறையில் கடைசி பாக்ஸுக்குச் சிமென்ட் பூசிக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்குக் கீழே ‘டப்’ என்று கேட்டது. ஃபேன் சுற்றல் குறைந்து நின்றது.

லிஜா கரண்டியைப் போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினாள். அடுக்களையில் சுகிர்தபாய் வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்கை வரை மாவு. “ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்றாள். உதடு மட்டும் வெளுத்திருந்தது.

“அரைக்காண்டாம் மாமி. விடுங்க அதை.”

“பாதி மாவு கெடக்கு பிள்ளே. மத்தியானத்துக்கு ஆப்பம் கேட்டிருக்காவ.”

பொன்னப்பன் சுவிட்சைத் தூக்கிவிட்டார். கால் மணி நேரத்தில் மறுபடியும் விழுந்தது. அப்புறம் மூன்றாவது முறை. ஏ.சி. நின்று புழுக்கத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. ஒவ்வொரு ‘டப்’புக்கும் சரோஜம் ஹாலிலிருந்து, “எடி சுகிர்தே, தொட்டியா நீ?” என்று கத்தினாள். யாரும் அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. தொட்டாளா என்றுதான் கேட்டார்கள்.

ஷைஜு மாடிப்படியில் நின்று, “அப்பா, இது அந்தப் பழைய பிரச்சினையில்லா? இன்னும் சரியாக்கல்லியா?” என்றான்.

“லிஜா, அதை டைரக்ட் ஆக்கிரு” என்றார் பொன்னப்பன்.

“ஆக்க மாட்டேன் சாரே.”

இந்த வீட்டில் அவரிடம் அப்படிச் சொன்ன கூலியாள் முன்னால் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

“மூணு தடவை விழுந்துதுல்லா? மூணு தடவையும் ஒரு மனுசிக்க உசிரைப் பிடிச்சு நிறுத்தியிருக்கு. அது இல்லேண்ணா இந்நேரம் ஆம்புலன்ஸைத்தான் விளிக்கணும். தப்பு சுவிட்சுல இல்ல சாரே. எர்த்துலயும் அந்தக் கிரைண்டர்லயும் உண்டு. அந்தக் கிரைண்டரைத் தூக்கி வெளிய வையுங்க, நான் இப்பமே குழாய் இறக்குதேன்.”

சரோஜம்தான் பேசினாள். கோபமே இல்லாமல், கணக்கு சுலபமாக முடிந்துவிட்ட தெளிவோடு பேசினாள்.

“அப்பம் இவ தொடாம இருந்தா போதும்லா?”

அவள் அடுக்களைப் பக்கம் திரும்பினாள். “சுகிர்தே, நீ இனி வராண்டாம். நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆயிப் போனா நாங்கல்லா சமாதானம் சொல்லணும்? உனக்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.”

“நான் சொன்னது அதில்ல அக்கா” என்றாள் லிஜா.

“ஆபத்துண்ணு நீதானே சொன்ன?” பொன்னப்பன் மெதுவாகக் கேட்டார். “நீயே சொல்லிட்டு நீயே மாத்திப் பேசுதியே.”

பதினாறு வருடமாக அந்த வீட்டில் விடிந்ததும் வாசல் தெளித்தவள் சுகிர்தபாய். ஷைஜுவுக்கு டைபாய்டு வந்தபோது பத்து நாள் அவன் வாந்தியை வாரியவள். அவள் குழாயடியில் கையைக் கழுவினாள். மாவு போக நேரமாயிற்று. துவர்த்தில் கையைத் துடைத்துக்கொண்டு, லிஜாவைக் கடந்து போகும்போது, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“நீ ஏன் பிள்ளே வாயைத் தொறந்த?”

அன்றைக்கு லிஜா வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டாள். ஆனால் திறந்து கிடக்கிற கம்பியோடு ஒரு வீட்டை விட்டுவைக்க அவள் படித்த படிப்பு விடவில்லை. கைக்குழந்தை வேறு இருக்கிறது. சனிக்கிழமை போய் மீதி பிளேட்டுகளைப் பூட்டினாள். அடுக்களையில் அதே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. சரோஜமே அரைத்தாள், ரப்பர் செருப்போடு.

“பாத்தியா லிஜா? ரெண்டு நாளா ஒரு தடவையாவது கரண்ட் போச்சா? உனக்க சுவிட்சும் இருக்கு, எனக்க கிரைண்டரும் இருக்கு. நான் அண்ணைக்கே சொன்னேன், அவளுக்க கைதாண்ணு.”

“உங்க காலுல செருப்பு கெடக்கு அக்கா. அதான். கழத்திட்டு ஈரத்துல நின்னு ஒரு தடவை தொட்டுப் பாருங்க.”

“நான் எதுக்குக் கழத்தணும்?” என்றாள் சரோஜம். உண்மையாகவே அவளுக்கு அது புரியவில்லை. அதற்குள் செல்போன் மணி அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டு யாரிடமோ பேசினாள். “இல்ல, அவளை நிறுத்தியாச்சு. பாலராமபுரத்துலேந்து ஒருத்தி திங்களாச்ச வருவா... நீயும் அவளை வேலைக்கு விளிக்கும்பம் யோசிச்சுக்கோ கேட்டியா. அவ தொட்டா கரண்ட் போவும். ஆமா, கண்ணால பாத்ததாக்கும்.”

லிஜா கடைசி ஸ்குரூவை முறுக்கினாள். அது வளைந்து உள்ளே இறங்கிற்று. பிடுங்கி எறிந்துவிட்டு வேறு போட்டாள். திங்கட்கிழமை வரப் போகிறவளுக்காக மெயின் போர்டு மூடியின் மேல், இந்தச் சுவிட்சை யாரும் டைரக்ட் ஆக்கக் கூடாது என்று தமிழிலும் மலையாளத்திலும் மார்க்கரால் பட்டையாக எழுதினாள். பொன்னப்பன் பின்னால் நின்று படித்துவிட்டு, “பெயின்ட் அடிச்சா மறையுமா இது?” என்று கேட்டார்.

சாயங்காலம் அவள் நேரே சுகிர்தபாய் வீட்டுக்குப் போனாள். வாசலில் ஏழெட்டு ஜோடி செருப்பு கிடந்தது. உள்ளே ஜெபம் நடந்துகொண்டிருந்தது. சபைப் பெண்கள் பாயில் முழங்காலிட்டிருந்தார்கள். லிஜாவின் அம்மாவும் இருந்தாள். நடுவில் சுகிர்தபாய் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டியிருந்தாள். சபையில் ஜெபம் நடத்துகிற செல்லபாய் அந்தக் கைகளைத் தன் கைகளில் ஏந்திக்கொண்டு, “ஆண்டவரே, இந்தக் கைகளில் என்ன குறை இருந்தாலும் அதை நீர் எடுத்துப்போடும். இந்தப் பிள்ளையை வேலைக்கு ஏற்றவளாக்கும்” என்று உருகி ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

லிஜாவால் வாசலில் நிற்க முடியவில்லை.

“மாமி, எழும்புங்க. உங்க கையில ஒரு குறையும் இல்ல. அது அந்த வீட்டுக்க குறையாக்கும்.”

ஜெபம் நின்றது. அம்மா கண்ணைத் திறந்து லிஜாவை முறைத்தாள். சுகிர்தபாய் மட்டும் முறைக்கவில்லை. கையை மடக்காமலே திரும்பிப் பார்த்தாள்.

“அது எனக்குத் தெரியாதா மக்கா? பத்து விரலும் எனக்க விரலு. நேத்தும் இண்ணும் நாலு வீடு ஏறி இறங்கியாச்சு. நாலு வீட்டுலயும் வாசல்ல நிறுத்திக் கையைத்தான் பாக்குதாவ. சபைல ஜெபம் பண்ணியாச்சு, கையிலேந்து தோஷம் போயாச்சுண்ணு சொன்னா எவளாவது அடுக்களையில ஏத்துவா. எர்த்துண்ணு சொன்னா எவ ஏத்துவா?”



“நீயும் இரி. ஒரு ஆளு கூடுதல் இருந்தா நல்லது” என்று சுகிர்தபாய் பாயில் கொஞ்சம் ஒதுங்கி இடம் கொடுத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, சோப்பிலும் புளியிலும் வெடித்துப் போன இரண்டு உள்ளங்கைகளையும் முன்னைவிட நன்றாக விரித்து நீட்டினாள். செல்லபாய் விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தாள்.